கஞ்சி குடிக்க ஆதாரம் எதற்கு?

கேள்வி: நாகப்பட்டினத்தில் வசிக்கிறேன். அரசுப் பணியிலிருந்து அடுத்த மாதம் ஓய்வு. என் ஒரே மகள் மூன்று ஆண்டுகளுக்கு முன் தன்னோடு படித்த முஸ்லிம் பையனைச் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்துகொண்டாள். யாரும் மதம் மாறவில்லை. மாப்பிள்ளை தங்கமான பையன். சம்பந்தி வீடு நாகூரில். அவர்களோடு எங்களுக்கு மனத்தாங்கல் எதுவும் கிடையாது. ரம்ஜான் மாதத்தில் சம்பந்தியம்மா எங்களுக்கென்று கறி போடாமல் தனியாக நோன்புக் கஞ்சி காய்ச்சித் தூக்கில் கொடுத்தனுப்புவார். நாங்கள் அதை வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் கொடுத்துவிடுவோம். பிரச்சினை என் சொந்தக்காரர்களால்தான். மணிவிழாவுக்குச் சம்பந்தியை அழைத்தால் நாங்கள் யாரும் வரமாட்டோம் என்கிறார் என் பெரியப்பா மகன். இஸ்லாம் இந்து மதத்திலிருந்துதான் தோன்றியது, மக்காவில் உள்ள காபா ஆதியில் சிவன் கோயில், ஏழு சுற்று, தைக்காத வெள்ளைத் துணி, மொட்டை எல்லாமே நம்முடையவை என்று வாட்ஸ்அப்பில் நிறைய வருகிறது. நீங்கள் ஆதாரத்தோடு தொகுத்துக் கொடுத்தால் அவர்களிடம் காட்டி வாயை அடைத்துவிடுவேன்.

பதில்: ஐயா, மதம் விட்டு மதம் கல்யாணம், சொந்தத்தில் பேச்சு, விசேஷம் வந்தால் யாரை அழைப்பது என்ற குழப்பம், இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும் என்று உங்களுக்கு நான் எழுதப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் பாதியை காபா எடுத்துக்கொண்டது. கஞ்சிக்கு இரண்டு வரிதான். எனக்கு அந்த இரண்டு வரியைத் தாண்ட முடியவில்லை.

ஒரு பெண்மணி பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிறார். வீட்டுக்கான கஞ்சி ஒரு அடுப்பில் கொதிக்கிறது. சம்பந்தி வீட்டார் கறி சாப்பிட மாட்டார்களே என்று இன்னொரு பாத்திரம் வைத்து, அரிசியும் பருப்பும் வெந்தயமும் போட்டுத் தனியாகக் கிளறுகிறார். நோன்பு திறக்கிற நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டுமே என்று மகனை அவசரமாக அனுப்புகிறார். மூன்று ரம்ஜானாக இது நடக்கிறது. நீங்கள் ஒரு வாய் குடித்ததில்லை. இதை எழுதிவிட்டு மனத்தாங்கல் எதுவும் கிடையாது என்கிறீர்கள். உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். அந்த அம்மாவுக்கு இருக்காதா? நாகப்பட்டினத்துக்கும் நாகூருக்கும் என்ன பெரிய தூரம், இந்தச் செய்தி போய்ச் சேராமல் இருக்க? உங்கள் மகள் வந்திருந்த சமயத்தில் அந்தத் தூக்கு எந்தப் பக்கம் போனது என்று அவள் கண்ணில் படாமலா இருந்திருக்கும்?

வேலைக்கு வரும் அம்மாவுக்குக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவருக்கு உங்கள் வீட்டில் சமைத்ததைக் கொடுங்கள். உங்களுக்கென்று உப்புப் போட்டுக் காய்ச்சியதை நீங்கள்தான் சாப்பிட வேண்டும்.

சரி, கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்கும் ஆதாரம் கிடையாது. மறைத்து வைத்திருப்பதால் கிடைக்காமல் போகவில்லை. நடக்காத ஒன்றுக்கு ஆதாரம் எங்கிருந்து வரும்? இஸ்லாம் தோன்றிய இடமும் காலமும் நன்றாகத் தெரிந்தவை. கி.பி. 570 வாக்கில் மக்காவில் குறைஷிக் குலத்தில் பிறந்தவர் முகம்மது நபி. 610-இல் ஹிரா குகையில் முதல் இறைச்செய்தி வந்ததாக முஸ்லிம்கள் நம்புகிறார்கள். 622-இல் மக்காவை விட்டு மதீனாவுக்குப் போனார். 630-இல் மக்கா அவர் வசமானது, 632-இல் காலமானார். அவர் தம்மை இப்ராஹீம், மூசா, ஈசா (ஆபிரகாம், மோசே, இயேசு) வரிசையில் வந்த தூதராகவே சொன்னார். யூதர்களும் கிறிஸ்தவர்களும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்த அரபு மண்ணில், அந்த மரபின் தொடர்ச்சியாக எழுந்த மார்க்கம் அது. காபாவில் அதற்கு முன் சிலைகள் இருந்தன என்பது உண்மை. ஹுபல் அங்கே பெரிய தெய்வம். லாத், உஸ்ஸா, மனாத் என்று பெண் தெய்வங்களையும் அந்த மக்கள் கும்பிட்டார்கள். எல்லாம் அரபுத் தெய்வங்கள். சிவன் அங்கே இல்லை. விக்கிரமாதித்தன் கல்வெட்டு காபாவில் இருந்தது என்று ஒரு கதை சுற்றுகிறதே, அந்தக் கல்வெட்டை யாரும் காட்டியதில்லை.

ஏழு சுற்று சுற்றுகிறார்கள், ஆனால் நாம் வலம் வருவதற்கு நேர் எதிர்த் திசையில். தைக்காத துணி உண்டு, ஹஜ் முடித்து மொட்டை அடிப்பதும் உண்டு. கடவுள் முன்னால் போகும்போது மனிதன் தன் அலங்காரத்தைக் கழற்றி வைக்கிறான். இது ஒருவரிடமிருந்து இன்னொருவர் திருடிப் போக வேண்டிய சரக்கா என்ன?

பொதுவானவை நிறைய இருக்கின்றன. ஆனால் நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை. நான் தினமும் விளக்கேற்றித் தேவாரம் சொல்கிறவள். உருவத்தைக் கும்பிடுகிறவள். இறைவனுக்கு உருவம் கிடையாது, இணை கிடையாது என்று அவர்கள் சொல்வது எனக்கு அந்நியமாகப் படவில்லை. நட்ட கல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில் என்று கேட்ட சிவவாக்கியரை நாம் சித்தர் என்று கொண்டாடவில்லையா? பசித்திருந்து இறைவனை நினைப்பது நமக்கும் தெரியும். மறுபிறவி பற்றி இரண்டு வீட்டுக்கும் ஒத்துப் போகாது. அவதாரம் பற்றி ஒத்துப் போகாது. சிலை பற்றி ஒருநாளும் ஒத்துப் போகாது. அதனால் என்ன?

1030 வாக்கில் அல்பிரூனி என்ற அறிஞர் இந்தியாவைப் பற்றி அரபியில் ஒரு பெரிய நூல் எழுதினார். இந்துக்கள் எங்களிடமிருந்து எல்லா வகையிலும் வேறுபட்டவர்கள் என்று ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்கிறார். அப்புறம் சமஸ்கிருதம் கற்று, பண்டிதர்களிடம் கேட்டு, இங்கே படித்தவர்கள் இறைவன் ஒருவனே, ஆதியும் அந்தமும் இல்லாதவன் என்றுதான் கருதுகிறார்கள் என்றும் பதிவு செய்கிறார். முகலாய இளவரசர் தாரா ஷிகோ 1657-இல் காசிப் பண்டிதர்களை வைத்துக்கொண்டு ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்தார். குர்ஆன் குறிப்பிடும் மறைவான நூல் இதுதான் என்றே அவர் நம்பினார். இரண்டு ஆண்டுகளில் அவரைக் கொன்றார்கள். இரண்டு பேரும் எதிரே இருப்பவர் பெரியவர் என்று எண்ணிப் போய் உட்கார்ந்தவர்கள். உங்கள் வாட்ஸ்அப் செய்தி எதிரே இருப்பவரை நம் வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளை என்கிறது. சம்பந்தியிடம் போய், ‘உங்கள் காபா எங்கள் கோயில்தான், அதனால் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன்’ என்று சொல்வீர்களா? வாய் வருமா? அவருக்கு முன்னால் சொல்லக் கூசுகிற ஒன்றை அவருக்காக வாதாடுவதாக நினைத்துச் சொந்தக்காரர்களிடம் சொல்லாதீர்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பாருங்கள். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். அங்கே அடங்கியிருக்கும் நாகூர் ஆண்டவருடைய பூர்வீகம் இந்துவா என்று நிரூபணம் கேட்டுவிட்டு அவர் கட்டவில்லை.

இஸ்லாத்தின் தொடக்கத்திலிருந்து ஏதாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் அபூதாலிபை எடுத்துக்கொள்ளுங்கள். நபியின் பெரிய தகப்பனார். அநாதையான பிள்ளையை வளர்த்தவர். நபியின் போதனையை எதிர்த்த குறைஷிகள் கூடி, அவருடைய கிளையாரோடு பெண் கொடுக்கல் வாங்கல் கூடாது, வியாபாரம் கூடாது என்று ஒப்பந்தம் எழுதிக் காபாவிலேயே தொங்கவிட்டார்கள். சுமார் மூன்று ஆண்டுகள் ஒரு பள்ளத்தாக்கில் ஒதுங்கிக் கிடந்தது அந்தக் குடும்பம். சோறு கிடைக்காமல் இலை தழைகளைத் தின்றதாகச் சொல்வார்கள். அபூதாலிப் தம் முன்னோர் மதத்திலேயே இருந்து இறந்தார் என்பது சுன்னி முஸ்லிம்களின் கருத்து. ஷியாக்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். எப்படியானாலும் ஊரே ஒதுக்கியபோதும் அவர் பிள்ளையைக் கைவிடவில்லை. உங்களுக்கு வந்திருப்பது ஒரு பெரியப்பா மகனின் மிரட்டல். அதற்கே ஆதாரம் தேடி ஓடுகிறீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது உங்களுக்காகவே நடந்தது போல இருக்கிறது. நபியின் தோழர் அபூபக்கரின் மகள் அஸ்மா. அவருடைய தாய் இஸ்லாத்தை ஏற்காதவர். அபூபக்கர் அவரை முன்பே விவாகரத்து செய்திருந்தார். அந்தத் தாய் மகளைப் பார்க்க வேண்டும் என்று மக்காவிலிருந்து மதீனாவுக்கு நெய்யும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு வந்தார். அஸ்மா அந்தப் பொருள்களை வாங்கவில்லை, தாயை வீட்டுக்குள் விடவுமில்லை. வேறு மதத்தவர் கொண்டுவந்ததை வாங்கலாமா என்ற தயக்கம். விஷயம் நபியிடம் போனது. தாயோடு உறவைப் பேணு, அவர் கொண்டுவந்ததை வாங்கிக்கொள், வீட்டுக்குள் அழை என்று பதில் வந்தது. மதத்துக்காக உங்களோடு சண்டைக்கு வராதவர்களிடம் நல்லபடியாகவும் நியாயமாகவும் நடப்பதை இறைவன் தடுக்கவில்லை என்ற குர்ஆன் வசனத்தை இந்த நிகழ்ச்சியோடு சேர்த்துச் சொல்வார்கள். தாய் சிலையைக் கும்பிட்டவர், மகள் கும்பிடாதவர். அந்த வித்தியாசம் அப்படியேதான் இருந்தது. நெய் மட்டும் வீட்டுக்குள் போனது.

பெண்ணை ஒரு வீட்டில் கொடுத்த பிறகு அந்த வீட்டுச் சோறு நமக்கு விலக்கல்ல. நான் இதில் பழைய காலத்து மனுஷி. பெண் எந்தப் பானையில் சாப்பிடுகிறாளோ அந்தப் பானையில் இருந்து வருவதைத் தள்ளினால் பெண்ணைத் தள்ளியதாகத்தான் அர்த்தம். உங்கள் மகளை மதம் மாறச் சொல்லாமல் வீட்டுக்குள் அழைத்தவர்கள் அவர்கள். அவர்கள் பக்கத்திலும் ஒரு பெரியப்பா மகன் கேள்வி கேட்டிருப்பார். அவரை எப்படிச் சமாளித்தார்களோ தெரியாது, உங்களிடம் ஆதாரம் கேட்டு யாரும் வரவில்லை. இத்தனை எழுதிய நீங்கள் உங்கள் மனைவி இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அவரிடம் இன்றைக்கே கேளுங்கள்.

மணிவிழாப் பத்திரிகை அச்சாகி வந்ததும் முதலில் நாகூருக்குப் போங்கள். தபாலில் அனுப்புவது, மகளிடம் கொடுத்தனுப்புவது எல்லாம் கூடாது. நீங்களும் மனைவியும் சேர்ந்து போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து அழையுங்கள். அவர்கள் வீட்டில் தருவதைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கஞ்சியைக் குடிக்காமல் விட்டதற்கு சம்பந்தியம்மாவிடம் வருத்தம் தெரிவியுங்கள். நீட்டி விளக்க வேண்டாம், இரண்டு வார்த்தை போதும். விழாவைக் கோயிலில் வைத்தால் அவர்களைச் சன்னதி முன் நிற்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பிரசாதம் வாங்கத் தயங்கினால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், சாமிக்குப் படைத்ததை அவர்களில் பலர் சாப்பிடமாட்டார்கள். பந்தியில் உங்கள் பக்கத்து இலையில் உட்கார வையுங்கள்.

பெரியப்பா மகனிடம் நீங்களே பேசுங்கள், மகளையோ மாப்பிள்ளையையோ நடுவில் நிறுத்தாதீர்கள். சம்பந்தி வருகிறார், நீயும் வா என்று சொல்லுங்கள். காபாவைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். வராவிட்டால் அவர் இல்லாமலே விழாவை நடத்துங்கள்.