கொசு மருந்து வண்டியை மறிக்கலாமா?

கேள்வி: எங்கள் தெருவுக்கு வாரம் இரண்டு முறை, பொழுது சாயும் நேரத்தில் கொசு மருந்து வண்டி வந்து புகை அடித்துவிட்டுப் போகிறது. முன்கூட்டி யாரும் சொல்வதில்லை. என் மகளுக்கு இளைப்பு நோய் உண்டு. புகை அடித்த இரவெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு தூங்காமல் கிடக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் வளர்க்கும் தேனீப் பெட்டிகளில் ஒன்று காலியாகிவிட்டது. அடுத்த முறை வண்டியைத் தெருமுனையிலேயே மறிப்பது என்று குடியிருப்போர் நலச் சங்கத்தில் முடிவு செய்திருக்கிறோம். மறித்தால் போலீசில் புகார் கொடுப்பேன் என்கிறார் சுகாதார ஆய்வாளர். சட்டம் யார் பக்கம்? நீதிமன்றத்தில் தடை வாங்க முடியுமா?

பதில்: முதலில், வண்டியை மறிக்கும் முடிவைக் கைவிடுங்கள். அரசு ஊழியரின் பணிக்கு வேண்டுமென்றே இடையூறு செய்வது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 221-ஆம் பிரிவின் கீழ் குற்றம். மூன்று மாதம் வரை சிறை. ஆத்திரத்தில் யாராவது புகைக்குழாயைப் பிடுங்கி, தள்ளுமுள்ளு ஆகிவிட்டால் 132-ஆம் பிரிவு வந்து சேரும். அதில் இரண்டு ஆண்டு வரை போகலாம். அதற்குப் பிறகு உங்கள் மகளின் மூச்சுத் திணறலைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், மறியல் வழக்கைப் பற்றித்தான் பேசுவார்கள். இன்னொன்று: அந்தக் குழாயைப் பிடித்திருப்பவர் பெரும்பாலும் தற்காலிகப் பணியாளர். உங்களைவிட அதிகமாக அந்தப் புகையைக் குடிப்பவர் அவர்தான். சண்டை அவரோடு இல்லை.

சட்டம் யார் பக்கம் என்றால், புகை அடிக்கும் அதிகாரம் உள்ளாட்சிக்கு இருக்கிறது. 1939-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. பொது சுகாதாரத்தைப் பேணுவது அரசின் கடமை என்று அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவும் சொல்கிறது. ஆகவே "எங்கள் தெருவில் கொசு மருந்தே அடிக்கக் கூடாது" என்று கேட்டு வழக்குப் போட்டால் அநேகமாகத் தோற்பீர்கள். நாளை அங்கே டெங்குவில் ஒரு குழந்தை இறந்தால் யார் பதில் சொல்வது என்று நீதிபதி கேட்பார். நியாயமான கேள்விதான் அது.

ஆனால் அதிகாரம் இருக்கிறது என்பதற்காக எதை வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் அடித்துவிட முடியாது. உங்கள் வழக்கின் பலம் இங்கேதான் இருக்கிறது. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மத்திய அரசின் பதிவுக் குழுவில் பதிவான மருந்தைத்தான் விற்கவோ பயன்படுத்தவோ முடியும். எந்தப் பயன்பாட்டுக்கு, எந்த அளவில் என்பதும் அந்தப் பதிவிலேயே அடங்கும். 1971-ஆம் ஆண்டு விதிகள் மருந்தைக் கையாள்பவருக்குப் பாதுகாப்பு உடை, சுவாசக் கருவி, பயிற்சி எல்லாம் வேண்டும் என்கின்றன. உங்கள் தெருவுக்கு வரும் பணியாளர் முகத்தில் என்ன கட்டியிருக்கிறார் என்று பாருங்கள். கைக்குட்டைதான் என்றால் அதுவே ஒரு விதிமீறல்.

மருந்து டப்பாவின் லேபிளைப் படம் எடுக்க முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முனை கீழே நிற்கிற மாதிரி சாய்ந்த ஒரு சதுரம் அதில் இருக்கும். கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறம்தான் நச்சுத்தன்மையைச் சொல்கிறது: சிவப்பு மிகக் கடுமை, மஞ்சள் கடுமை, நீலம் நடுத்தரம், பச்சை குறைவு. புகை மருந்தாக நம் நாட்டில் நெடுங்காலமாகப் பயன்படுவது மாலத்தியான். அடர் மருந்து ஒரு பங்குக்கு 19 பங்கு டீசல் என்பது வழக்கமான கலவை. அதாவது உங்கள் வீட்டுக்குள் வருகிற புகையில் பெரும்பகுதி டீசல். இளைப்புக்காரருக்கு இது என்ன செய்யும் என்பதை மகளைப் பார்க்கும் மருத்துவரிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாலத்தியானை 'மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2ஏ பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் வைத்தது. இதை மனுவில் சொல்லலாம். இதையே முழு வழக்காக்கிவிடாதீர்கள். உணவு வழியாக வரும் எச்சத்தால் அப்படி ஓர் ஆபத்து இருக்க வாய்ப்பில்லை என்று 2016-இல் இன்னொரு பன்னாட்டு நிபுணர் குழு சொன்னதை எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும்.

அதைவிட வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும்; வீட்டுக்குள், கட்டிலுக்கடியிலும் தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் அடையும். தெருவில் அடிக்கிற புகை அங்கே சரியாகப் போய்ச் சேராது. பறக்கிற கொசுவைத்தான் புகை கொல்லும். தண்ணீரில் நெளிகிற கொசுப்புழுவை ஒன்றும் செய்யாது. புழு ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். அதனால்தான் நோய் பரவும்போது அவசர நடவடிக்கையாகப் புகை அடிப்பது, மற்ற நாட்களில் தண்ணீர் தேங்காமல் பார்ப்பது, தேவைப்பட்ட இடத்தில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றுவது என்று கொசு ஒழிப்பு நிபுணர்கள் வரிசை வகுக்கிறார்கள். நோயே இல்லாத தெருவில் வாரம் இரண்டு முறை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் தெருவில் நோய் இருந்தால் இந்தக் கேள்வி நிற்காது. எனவே அதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

தெரிந்துகொள்ள வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம். பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். அடிக்கும் மருந்தின் பெயர், பதிவு எண், கலவை விகிதம், கொள்முதல் ரசீது, கடந்த ஓராண்டில் உங்கள் தெருவில் அடித்த தேதிகள், அந்த ஓராண்டில் உங்கள் வார்டில் பதிவான டெங்கு, மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை, புகை அடிக்க உத்தரவிட்ட கோப்பின் நகல், பணியாளருக்குக் கொடுத்த பாதுகாப்புக் கருவிகளின் பட்டியல் எல்லாவற்றையும் கேளுங்கள். "ஏன் அடிக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஆவணம்தான் தருவார்கள், விளக்கம் தரமாட்டார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கோப்பே இல்லை என்று பதில் வந்தாலும் வருத்தப்படாதீர்கள். நீதிமன்றத்தில் அதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது.

இதற்கிடையே ஒரு நோட்டுப் போடுங்கள். வண்டி வந்த தேதி, மணி, காற்று அடித்த திசை, அன்றிரவு மகளுக்கு எத்தனை முறை மருந்து இழுக்க வேண்டியிருந்தது என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். மருத்துவமனைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். தேனீக்காரர் செத்த ஈக்களைச் சுத்தமான பாட்டிலில் போட்டு உறைபெட்டியில் வைத்து, தேதி எழுதி, ஆய்வகத்தில் கொடுக்கட்டும். கொசு மருந்தால் தேனீ சாவது கற்பனை இல்லை. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 2016-இல் விமானத்திலிருந்து கொசு மருந்து தெளித்தபோது லட்சக்கணக்கான தேனீக்கள் ஒரே காலையில் செத்துக் கிடந்தன. ஆனாலும் உங்கள் பக்கத்து வீட்டுப் பெட்டி எதனால் காலியானது என்பதை நிரூபிக்க வேண்டியவர் அவர்தான்.

அப்புறம், சங்கத்தின் தீர்மானத்தோடு ஆணையருக்கும் நகர் நல அலுவலருக்கும் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் மனு அனுப்புங்கள். தடை கேட்காதீர்கள். முந்தைய நாளே அறிவிப்பு, பள்ளி விடும் நேரத்திலும் தேனீ பறக்கும் பகல் வேளையிலும் அடிக்காமலிருப்பது, கிணறும் குளமும் உள்ள இடத்தில் விலகி அடிப்பது, நோய்ப் பதிவு இருந்தால் மட்டும் புகை என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் இவற்றையே கேட்டு உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் செயலுறுத்தும் நீதிப்பேராணை (அதிகாரி தன் கடமையைச் செய்யும்படி நீதிமன்றம் இடும் உத்தரவு) மனு போடலாம். மாசற்ற நீரும் காற்றும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 1991-இல் சுபாஷ் குமார் வழக்கிலும், கெடுதல் முழுதாக நிரூபணமாகும் வரை காத்திருக்காமல் தடுக்க வேண்டும் என்கிற முன்னெச்சரிக்கைக் கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996-இல் தோல் தொழிற்சாலைகளுக்கு எதிரான வேலூர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டும் உங்களுக்குக் கை கொடுக்கும்.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போகச் சிலர் யோசனை சொல்வார்கள். தீர்ப்பாயச் சட்டத்தின் அட்டவணையில் பூச்சிக்கொல்லிச் சட்டம் இல்லை. குளத்தில் மருந்து கலந்தது போன்ற ஒன்று இருந்தால்தான் நீர்ச் சட்டம், சுற்றுச்சூழல் சட்டம் வழியாக உள்ளே நுழைய முடியும், அதுவும் ஆறு மாதக் கெடுவுக்குள். பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் நீங்களாகக் குற்ற வழக்குத் தொடரவும் முடியாது. 31-ஆம் பிரிவுப்படி மாநில அரசின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும்.

சாதாரண சிவில் நீதிமன்றத்தைச் சிறிதாக நினைக்க வேண்டாம். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிக்கொல்லி தெளித்ததை எதிர்த்து வேளாண் துறை ஊழியரான லீலாகுமாரி அம்மா போனது உள்ளூர் முன்சீப் நீதிமன்றத்துக்குத்தான், தடையும் வாங்கினார். நாடு முழுவதற்குமான தடையை உச்ச நீதிமன்றம் போட்டது 2011-இல். அங்கே தெளித்தது விளைச்சலுக்காக, இங்கே அடிப்பது நோய்த் தடுப்புக்காக என்ற வேறுபாட்டை மட்டும் மறக்காதீர்கள்.

வழக்குப் போடும் முன் உங்கள் தெருவில் மூடாத தொட்டி, பழைய டயர், மொட்டைமாடியில் கவிழ்க்காத வாளி எதுவும் இல்லாமல் பாருங்கள். அதே 1939 சட்டம் கொசு வளரும் தண்ணீரை அகற்றச் சொல்லி வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கவும் அதிகாரம் தருகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் சங்கத் தலைவர் வீட்டுத் தொட்டியின் படத்தோடுதான் வருவார். நீங்களே வாராவாரம் சுத்தம் செய்து, படம் எடுத்து, பதிவேட்டில் எழுதி வைத்திருந்தால் புகை தேவையில்லை என்பதற்கு அதுவே ஆதாரம்.

மகளுக்காக மட்டும் தனியாக ஒரு கடிதம், மருத்துவர் சான்றோடு, சுகாதார ஆய்வாளரிடம் நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். வண்டி கிளம்பும் முன் உங்கள் தொலைபேசிக்கு ஒரு அழைப்பு, உங்கள் வாசலில் புகையை நிறுத்திக்கொள்வது, இவ்வளவு போதும். இதற்கு வழக்கு வேண்டியதில்லை. வருகிற திங்கட்கிழமையே கொடுத்துவிடுங்கள்.