சுட்ட மண்ணில் எழுந்த வீடு: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கொலம்பியா நாட்டில், வில்லா தே லெய்வா என்னும் ஊரின் ஓரத்தில், களிமண்ணாலேயே உருவாக்கப்பட்ட ‘காசா டெர்ராகோட்டா’ என்ற வீட்டைச் சென்ற ஆண்டு மகளுடன் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அது தெரிந்ததிலிருந்து மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயாவில், அதாவது நம் பழைய பத்தாங் பெர்ஜுந்தையில், கோயிலிலும் பசாரிலும் பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைப் பற்றியே கேட்கிறார்கள். தாய்வழியில் பானை வனைந்த குடும்பத்தில் பிறந்து, 22 ஆண்டுகள் செங்கல் சூளையில் வேலை பார்த்தவன் என்பதால், வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரையில் இங்கே பதில் எழுதுகிறேன்.

மண் வீடு என்றால் ஒரு நல்ல மழைக்கே கரைந்துவிடுமே ஐயா? எங்கள் லயத்துக்குப் பின்னால் நாங்கள் கட்டிய மண் அடுப்பு ஒரே மழைக்காலத்தில் கரைந்து போனது. (தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஓர் அம்மா)

உங்கள் அடுப்பு கரைந்தது, அம்மா, அது வெயிலில் காய்ந்த மண்ணே தவிர, முழுவதும் வெந்த மண் அல்ல என்பதால்தான். தணல் பட்ட உட்பக்கம் மட்டும் சிவந்து கெட்டியாக நின்றிருக்கும், வெளிப்பக்கம்தான் வழிந்திருக்கும். எண்ணிப் பாருங்கள், அப்படித்தானே நடந்தது?

வெயிலில் காயும்போது களிமண் துகள்களுக்கு இடையில் நிற்கும் நீர் மட்டுமே போகிறது; மீண்டும் நீர் ஊற்றினால் அது பழையபடி குழைந்துவிடும். ஆனால் நெருப்பில் வைத்துச் சூடு ஏறத்தாழ 500 பாகை செல்சியசைத் தாண்டும்போது, துகளுக்குள்ளேயே பிணைந்து கிடக்கும் நீரும் வெளியேறி, மண்ணின் உள்ளமைப்பே மாறிவிடுகிறது. அதற்கு மேல் வெந்த மண்ணை ஆண்டுக்கணக்கில் நீரில் ஊறப்போட்டாலும் அது மீண்டும் களிமண் ஆகாது. ‘டெர்ராகோட்டா’ என்ற இத்தாலியச் சொல்லுக்கே சுட்ட மண் என்பதுதான் பொருள். ஆகவே அந்த வீட்டை மண் குடிசையாக நினைக்காமல், ஆள் நுழைந்து நடமாடும் அளவுக்குப் பெரிய பானையாக நினைத்துக்கொள்ளுங்கள். உலகிலேயே மிகப் பெரிய மட்பாண்டம் என்று அதைச் சொல்கிறவர்களும் உண்டு.

யார் கட்டியது? எவ்வளவு பெரிது?

ஒக்தாவியோ மெந்தோசா என்ற கொலம்பியக் கட்டடக் கலைஞர். 1990களின் இறுதியில் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கையால் பூசிப் பூசி வளர்த்திருக்கிறார். இரண்டு தளங்கள், ஏறத்தாழ 500 சதுர மீட்டர்.

இரும்புக் கம்பியும் சிமெண்டும் இல்லாமல் மாடி எப்படி நிற்கிறது? (கட்டட வேலை செய்யும் ஒரு தம்பி)

உங்கள் தொழிலிலேயே இதற்கு விடை இருக்கிறது, தம்பி. சுட்ட மண் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. தட்டையான கூரை போட்டால் அதன் அடிப்பக்கம் இழுபடும். அதற்காகத்தான் நாம் கான்கிரீட்டுக்குள் கம்பி வைக்கிறோம். கூரையை வளைத்துக் குவிமாடமாக எழுப்பினால் பாரம் பெரும்பாலும் அழுத்தமாகவே வளைவின் வழியே தரைக்கு இறங்கிவிடும். அந்த வீட்டில் நேர்கோட்டுச் சுவரையோ கூர்மையான மூலையையோ காண்பது அரிது. சுவர் எங்கே முடிந்து கூரை எங்கே தொடங்குகிறது என்று கைவைத்துத் தடவிப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. தூரத்திலிருந்து பார்த்தபோது, செம்பனைக் காட்டில் நாம் பார்க்கும் கரையான் புற்றுதான் என் நினைவுக்கு வந்தது.

உள்ளே என்ன இருக்கிறது? குடியிருக்க முடியுமா?

இந்தக் கேள்விக்கு நான் மகிழ்ச்சியோடு பதில் சொல்வேன், ஏனென்றால் வெளித்தோற்றத்தைவிட உள்ளேதான் நான் அதிக நேரம் நின்றேன். படுக்கும் மேடை, உட்காரும் திண்ணை, சமையலறை மேசை, அடுப்பு, தட்டு, கோப்பை எல்லாம் மண். குளியலறையில் மட்டும் வண்ண ஓட்டுத் துண்டுகளைப் பதித்துப் பூவேலை செய்திருக்கிறார்கள். மாடிப்படியில் ஏறும்போது, கண் மட்டத்தில், ஈர மண்ணை யாரோ இழுத்துத் தேய்த்த விரல் தடங்கள் அப்படியே வெந்து நின்றன. என் நான்கு விரல்களை அந்தத் தடத்தில் வைத்துப் பார்த்தேன், பொருந்தின. என் பாட்டி பானையின் அடியைத் தட்டிச் சேர்த்த பிறகு விடும் கைத்தடமும் இதேபோல்தான் இருக்கும். பிறகு, பொங்கல் பானை வாங்கும்போது நாம் செய்வதுபோல், சுவரை விரல் மடக்கிச் சுண்டிப் பார்த்தேன். ‘ணங்’ என்று கேட்டது. வேகாத மண் ‘தொப்’பென்று மந்தமாகத்தான் ஒலிக்கும்.

இவ்வளவு பெரிய மண் உருவம் வெடிக்காமல் எப்படி வந்தது?

களிமண் காய்ந்து வேகும்போது நீளத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை சுருங்குவது வழக்கம். பத்தடிச் சுவர் என்றால் அரை அடியிலிருந்து ஓரடி வரை! ஒரு பக்கம் முன்னதாகவும் மறுபக்கம் பின்னதாகவும் காய்ந்தால் இடையில் பிளந்துவிடும். நான் சூளையில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், மேற்பார்வையாளர் அவசரப்படுத்தியதால் ஈரம் போகாத கல்லை அடுக்கி நெருப்பு வைத்து, ஓர் அடுக்கு முழுவதையும் வெடிக்க விட்டோம். கல்லுக்குள் நின்ற நீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உடைத்துவிட்டது. மணல் கலந்தால் சுருக்கம் குறையும், நிழலில் மெல்லக் காயவிட்டால் பிளவு குறையும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும். அந்த வீட்டுக்கு அத்தனை ஆண்டுகள் ஆனதில் எனக்கு வியப்பே இல்லை.

தமிழ் மண்ணில் இப்படி யாராவது செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள், அது பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தமே. 1971இல் டெபோரா ஸ்மித்துடன் சேர்ந்து புதுச்சேரியில் ‘கோல்டன் பிரிட்ஜ்’ மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கிய அமெரிக்கர் ரே மீக்கர், பச்சை மண் கல்லால் வீட்டைக் கட்டி, அதற்குள்ளேயே செங்கல்லையும் கூரை ஓடுகளையும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கி எரித்தார். வீடும் வெந்தது, உள்ளே வெந்த பொருளை விற்று விறகுச் செலவையும் ஈடுகட்டலாம் என்பது அவர் கணக்கு. அவருக்கு முன்னோடி, ஈரானில் மண் வீடுகளைச் சுட்டுப் பார்த்த கட்டடக் கலைஞர் நாதர் கலீலி.

நம் ஊரில் கட்டலாமா? (தாமானில் நிலம் வாங்கியிருக்கும் ஒருவர்)

குடியிருக்கும் வீடாக என்றால் நான் ஊக்கப்படுத்த மாட்டேன். வில்லா தே லெய்வா ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், வறண்ட பள்ளத்தாக்கில் இருக்கிறது. பகல் வெயிலைத் தடித்த சுவர் வாங்கி வைத்துக் குளிர்ந்த இரவில் திருப்பிக் கொடுக்கிறது. நமக்கோ இரவும் பகலும் புழுக்கம். இங்கே சுவர் வாங்கிய சூடு இரவில் நம் மேல்தான் இறங்கும், மேற்பூச்சு இல்லாத சுட்ட மண் ஈரத்தை உறிஞ்சிப் பாசி பிடிக்கும். அதோடு 1984ஆம் ஆண்டின் சீரான கட்டட விதிகளின்படி ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். கம்பியில்லாத மண் கூரைக்கு எந்தப் பொறியாளர் கையெழுத்திடுவார் என்று முதலில் விசாரியுங்கள். தோட்டத்தில் ஒரு சிறிய குவிமாடக் குடில் கட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் மண் பார்க்க நானே வருகிறேன். தோட்டத்துச் செம்மண் வேண்டாம், அது பிசுபிசுப்பு இல்லாமல் உதிரும். ஆற்றோரக் களிமண்ணே ஏற்றது.

போவது எப்படி?

கோலாலம்பூரிலிருந்து கொலம்பியாவின் தலைநகர் போகோத்தாவுக்கு நேரடி விமானம் இல்லை. இடையில் மாறித்தான் போக வேண்டும். போகோத்தாவிலிருந்து சாலை வழியே நான்கு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கேமரன் மலையைவிட உயரமான இடம் என்பதால் குளிராடை அவசியம். அருகிலேயே ராக்கிரா என்ற குயவர் ஊர் இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள்.

அவ்வளவு தூரம் போக எங்களுக்கு வசதியில்லை. பிள்ளைகளுக்கு இதை எப்படிக் காட்டுவது? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்)

கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானுக்கு அழைத்துப் போங்கள், ஆசிரியை. மின்மினி பார்க்கப் போகும் அதே ஊரில்தான் பொங்கல் பானையும் தீபாவளி அகலும் இன்றும் தமிழர் கையால் உருவாகின்றன. பொங்கலுக்குச் சில வாரங்கள் முன்னதாகப் போனால் வேலை மும்முரமாக நடக்கும். ஒரு காய்ந்த பானையையும் ஒரு வெந்த பானையையும் கேட்டு வாங்கி, பிள்ளைகளையே சுண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டின் உடைந்த துண்டையும் ஒரு வாளி நீரில் போட்டுவிட்டு, மதிய உணவு முடிந்ததும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.