கார்த்தேஜின் அழிவு தேவ தண்டனையா?

சகோதரரே, குழந்தைகளைப் பலியிட்டதால்தான் கர்த்தர் ரோமரைக் கொண்டு வட ஆப்பிரிக்காவின் பழைய நகரமான கார்த்தேஜை அழித்தார் என்று வாலிபர் வகுப்பில் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

அங்கே குழந்தைகளின் எரிந்த எலும்புகள் வைத்த தாழிகள் ஏராளமாகக் கிடைத்தது உண்மைதான். அவை பலியா, சாதாரண அடக்கமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். சரி, பலி என்றே வைத்துக்கொள்வோம். ரோமரின் கை மட்டும் சுத்தமா? கி.மு. 216இல் கன்னே போரில் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலிடம் தோற்றதும், கௌல் நாட்டார் இருவரையும் கிரேக்கர் இருவரையும் ரோம் நகரச் சந்தையில் உயிரோடு புதைத்தார்கள். கி.மு. 146இல் கார்த்தேஜ் விழுந்தபோது, சரணடைந்த சுமார் 50,000 பேரை அடிமைகளாக விற்றார்கள். அதில் எத்தனை தாய்மார், எத்தனை பிள்ளைகள்! சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டாரே, அந்த லூக்கா 13ஐ முதலில் வாசியுங்கள்.

அப்புறம், ஆதித் திருச்சபையின் பேராசான் அகஸ்டின். கார்த்தேஜில் படித்தவர் அவர். கார்த்தேஜ் அழிந்து, பயப்பட எதிரி இல்லாமல் போனதும் ரோமரின் ஒழுக்கமே சரிந்தது என்று எழுதினார்.

ரோமர் மறுபடி கட்டிய அதே ஊரில்தான், 203இல், கைக்குழந்தையின் தாயான பெர்பெத்துவா விசுவாசத்துக்காக உயிர்விட்டார். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.