"படம் போடுறதுல என்ன சார் பாவம்?" என்று கேட்ட அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

சனிக்கிழமை கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டீர்கள்: "கம்ப்யூட்டர்ல படம் போடுறதுல என்ன சார் பாவம்? கொலையா பண்றான், களவா பண்றான்?" சிவகாசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தீர்கள். நானும் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அது சரியான பதில் இல்லை என்று மனது உறுத்திக்கொண்டே இருந்ததால் எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நீங்கள் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். உங்கள் மகன், நம் தம்பி, கோயம்புத்தூர் விளம்பர ஏஜென்சியில் டிசைன் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. ஒரு முகப்பூச்சு கிரீமுக்காக ஒரே பெண்ணின் போட்டோவை 'முன்', 'பின்' என்று இரண்டாகச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். 'முன்' படத்தில் முகத்தைக் கறுப்பாக்கி, கண்ணுக்குக் கீழே நிழல் போட்டு, வாயோரத்தைக் கொஞ்சம் கீழே இழுத்து, அழுது ஓய்ந்த முகம்போல ஆக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து செய்து கொடுத்துவிட்டான். அடுத்த வாரம் அதேபோல இன்னொன்று வந்தபோது, கொடுக்க வேண்டிய ராத்திரியில் முடியாது என்றான். "இந்த ஃபீல்டு உனக்குச் சரிப்படுமான்னு யோசி" என்றார் மேலதிகாரி. இப்போது ராஜினாமா செய்கிறேன் என்கிறான்.

இதற்கு நடுவில், அவன் அக்காவைப் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் "பொண்ணு நிறம் கம்மி" என்று சொல்லி அனுப்பிய கதையைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு, கல்விக் கடனைப் பற்றிப் பேசப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த இடத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது அம்மா. தன் அக்காவைப் பற்றி ஊரார் சொன்ன சொல்லை, சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒரு ராத்திரி முழுக்கத் தன் கையாலேயே அவன் வரைந்திருக்கிறான். அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றீர்களே, அது திமிரால் இல்லை.

இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகள் எல்லோரிடமும் நான் ஒன்று கேட்பேன்: இது உனக்குப் பிடிக்காத வேலையா, செய்யக்கூடாத வேலையா? பிடிக்காத வேலைக்கு இங்கே பஞ்சமே கிடையாது. லோகோவைப் பதினோரு தடவை பெரிதாக்கச் சொல்வார்கள். கிளையன்ட்டின் மருமகனுக்குப் பிடித்த மஞ்சளை அடிக்கச் சொல்வார்கள். தீபாவளிக்கு முதல் வாரம் வீட்டுக்கே போக முடியாது. இதற்கெல்லாம் வேலையை விடுகிறேன் என்றிருந்தால் நான் உங்கள் கட்சி. ஒரு வேலையை முடித்த பிறகு, 'அசிங்கமாக இருக்கிறதே' என்று கூச்சப்பட்டால் அது ரசனை. 'இன்னாருக்கு இதைக் காட்ட முடியாதே' என்று ஒரு முகம் கண்முன் வந்து நின்றால் அது வேறு. தம்பிக்கு அக்காவின் முகம் வந்து நிற்கிறது.

அவன் ஒன்றும் உலகத்தில் இல்லாததைப் பேசவில்லை. விளம்பரத் தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் (ஆஸ்கி) 1985 முதல் இருக்கிறது. நிறத்தைக் கூட்டிக் காட்டும் பொருள்களுக்கென்றே 2014-ல் அது விதிகள் கொண்டுவந்தது. தோல் நிறத்தை வைத்து யாரையும் தாழ்த்திக் காட்டக்கூடாது. பொருளைப் பயன்படுத்துவதற்கு முந்தைய படத்தில் அந்த முகம் அழகற்றதாக, சோகமாக, மனம் ஒடிந்ததாகத் தெரியக்கூடாது என்று அதில் இருக்கிறது. தம்பியிடம் கேட்ட வேலை அப்படியே அந்த விதிக்கு எதிரானது. தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்ட நெறிமுறைகள் விளம்பர ஏஜென்சிகளையும் கட்டுப்படுத்தும்.

இது ஏன் அவனுக்குத் தெரிய வேண்டும் என்றால், "என் மனசு ஒப்பலை சார்" என்றால் மேலதிகாரி அதை அவனுடைய மனசுப் பிரச்சினையாகத்தான் பார்ப்பார். "சார், முன் படத்துல முகத்தை இப்படி வாட வைச்சா ஆஸ்கிக்குப் புகார் போகும். ரெண்டு படத்துக்கும் ஒரே முகம், ஒரே வெளிச்சம் வைப்போம். தோலோட வறட்சியை மட்டும் காட்டுவோம். சாயங்காலத்துக்குள்ள ஒரு மாதிரி போட்டுத் தரேன்" என்றால் காது கொடுத்துக் கேட்பார். கேட்காமலும் போகலாம். ஆனால் அப்போது மறுத்தவன் கையில் மாற்று ஒன்று இருக்கும். இன்னொன்று, இதை ப்ரீஃப், அதாவது என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு, வரும் நாளிலேயே சொல்ல வேண்டும். கொடுக்க வேண்டிய ராத்திரியில் கையை உதறினால் அந்தப் பாரம் பக்கத்து சீட்டில் இருப்பவர் தலையில்தான் விழும். தம்பி வருத்தப்பட வேண்டியது அந்த ஒன்றுக்குத்தான். அந்த வேலையைச் செய்து முடித்தவரிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம்.

சென்னையில் ஈஞ்சம்பாக்கம் கடற்கரைப் பக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்தவர்களும் சேர்ந்து 1966-ல் உருவாக்கியது. அந்தக் காலத்தில் ஓவியத்தை நம்பி உலை வைக்க முடியாது. ஏதாவது ஒரு வேலைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் வாங்குபவருக்குப் பிடித்தபடி வரைய வேண்டும். அவர்கள் மெழுகு வைத்துச் சாயம் போடும் பாத்திக் துணிகள் செய்தார்கள், கைவினைப் பொருள்கள் செய்தார்கள், அவற்றை விற்றார்கள். அந்தக் காசில்தான் நிலமே வாங்கினார்கள். வயிற்றுக்குக் கைவினை, ஓவியத்தில் மட்டும் யார் சொல்லுக்கும் வளைய வேண்டியதில்லை. பாத்திக்கையும் அவர்கள் ஏனோதானோவென்று செய்யவில்லை. என் மாணவர்களிடம் இந்தக் கதையை நான் அடிக்கடி சொல்வதற்குக் காரணம் உண்டு. 'முடியாது' என்று சொல்லும் தைரியம் மனதில் பாதி இருந்தால் மீதி அரிசிப் பானையில் இருக்கிறது. அந்தப் பானையை அவர்கள் முதலில் பார்த்துக்கொண்டார்கள்.

தம்பிக்குச் சம்பளம் 22,000. அறை வாடகை, சாப்பாடு 9,000. கடன் தவணை 6,500. மிஞ்சுவது 6,500. மூன்று மாதச் செலவும் தவணையும் சேர்த்தால் 46,500 வருகிறது. அதைச் சேர்க்க ஏழு மாதத்துக்குச் சற்றுக் கூட ஆகும். இந்த வாரமே கடிதம் கொடுத்தால், அடுத்து கிடைக்கிற முதல் வேலைக்கு எதையும் கேட்காமல் தலையாட்ட வேண்டி வரும். அங்கே இதைவிட மோசமானதைச் செய்யச் சொன்னாலும் வாய் திறக்க முடியாது. அதனால் ராஜினாமாவைத் தள்ளிப்போடச் சொல்கிறேன். அந்தக் கிரீம் வேலையை அவன் செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரர் முப்பது வருடமாக ஆஃப்செட் மெஷினில் நிற்கிறவர். ஆடிப்பெருக்குக்கு உங்கள் சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிடுவார்கள்; அதற்கு முன் எத்தனை பிரஸ்ஸில் டிசைனுக்கு ஆள் தேடுவார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். காலண்டர், நோட்டு அட்டை, பெட்டி லேபிள் என்று மாதம் ஒன்றிரண்டு கிடைத்தாலும் அந்த ஏழு மாதம் சுருங்கிவிடும். வெளிவேலை செய்யலாமா என்று ஏஜென்சி அக்ரிமென்ட்டில் முதலில் பார்க்க வேண்டும். சம்பளத்துக்குச் செய்த படங்களின் உரிமை, 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் நிறுவனத்துக்குத்தான். ஆகவே தான் செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவில் வைக்க எழுத்தில் அனுமதி கேட்டுக்கொள்ளட்டும்.

"ஊரே இதைத்தானே செய்யுது" என்றும் சொன்னீர்கள். 1975-லிருந்து விற்ற ஒரு பெரிய கிரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' (சிவப்பு நிறம்) என்ற சொல்லை 2020-ல் அந்த நிறுவனமே எடுத்துவிட்டது. பெயரை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் நாற்பத்தைந்து வருடம் அசையாதது அசைந்திருக்கிறது. அதற்கு முன்பே, 2009-ல், 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' (கறுப்பும் அழகு) என்ற இயக்கம் நம் சென்னையில்தான் தொடங்கியது. அந்த மாதிரி இயக்கங்களுக்கும் போஸ்டர் வேண்டும், படம் வேண்டும், அதைச் செய்யத் தெரிந்த கை வேண்டும். தம்பி கற்ற வித்தைக்கு அந்தப் பக்கமும் இடம் உண்டு.

பல வருடங்களுக்கு முன் இதேபோல் வந்த ஒரு பெண்ணிடம், "வேலையை வேலையாப் பாரும்மா" என்று சொல்லி அனுப்பினேன். அவள் வேலையில் நீடித்தாள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, தனக்கென்று வரைவதையே நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். அதிலிருந்து அந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொல்வதில்லை. நீங்களும் அவனிடம் சொல்லாதீர்கள். அக்கா கல்யாணத்தையும் அவன் சம்பளத்தையும் ஒரே மூச்சில் பேசாதீர்கள்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அவனை அனுப்புங்கள். அக்ரிமென்ட்டும் கடன் கணக்கும் கொண்டுவரட்டும். தன் கையால் செய்யவே மாட்டேன் என்கிற வேலைகளை ஒரு தாளில் எழுதி வரட்டும், மூன்று வரிக்கு மேல் வேண்டாம். பக்கம் பக்கமாகப் போனால் பிடிக்காததும் அதில் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

முடிந்தால் அக்காவும் கூட வரட்டும். அவளை நினைத்துத்தான் இவன் வேலையை விடப் பார்க்கிறான் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது என்றீர்களே. அவள் என்ன சொல்கிறாள் என்று நாம் யாரும் இதுவரை கேட்கவில்லை.