தவளை கையைக் காட்டிய நாள்

கேள்வி: இணைய விளையாட்டுப் போட்டியில் புதிதாக ஒருவர் நன்றாக ஆடிவிட்டால் போதும், 'ஏமாற்றுகிறார்' என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. என் மகனும் காணொளித் துண்டுகளைக் காட்டி, 'இது மனிதக் கையால் முடியாது' என்று அடித்துச் சொல்கிறான். நம்பலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் மகனிடம் கெகுரியைப் பற்றிச் சொல்லுங்கள். தென்கொரியாவைச் சேர்ந்த கிம் சே-யோன் என்ற பெண்ணின் ஆட்டப்பெயர் அது. கொரிய மொழியில் தவளை என்று பொருள். 2016 மே மாதம் 'ஓவர்வாட்ச்' என்ற இணையத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு வெளிவந்து ஒரு மாதம் ஆவதற்குள், அப்போது 17 வயதான அவர் ஒரு போட்டியில் ஆடிய விதத்தைப் பார்த்து, தோற்ற அணியினர், குறிவைக்க உதவும் மென்பொருளை அவர் பயன்படுத்துவதாகக் குற்றஞ்சாட்டினார்கள். அவர் நிரபராதி என்று நிரூபணமானால் விளையாட்டையே விட்டுவிடுகிறோம் என்று இருவர் சவால் விட்டனர். கொலைமிரட்டல் போன்ற பேச்சுகளும் எழுந்தன.

அவர் ஆடிய பாத்திரம் ஸார்யா. ஸார்யாவின் ஆயுதம் வழக்கமாகக் குண்டு குண்டாகச் சுடுவதில்லை. தொடர்ந்த ஒளிக்கதிராகப் பாயும் என்பதால், ஓடிக்கொண்டிருக்கும் எதிரியின் மேல் குறியை விடாமல் வைத்திருக்க வேண்டும். மவுஸின் உணர்திறனைக் கூட்டி வைத்து ஆடுபவர் கையை விரலளவு நகர்த்தினாலே திரையில் குறி வெடுக்கென்று தாவும். பதிவில் திரையை மட்டும் பார்ப்பவருக்கு அது இயந்திரம் செய்த வேலை போலத் தோன்றுவதில் வியப்பில்லை. உங்கள் மகன் பார்க்கும் துண்டுகளிலும் கை இருக்காது, திரை மட்டுமே இருக்கும்.

ஆகவே கெகுரி கையையே காட்டினார். 'இன்வென்' என்ற கொரிய விளையாட்டுத் தளத்தின் அரங்கில், முகத்தில் முகமூடியுடன் அமர்ந்து, ஒரு கேமரா அவருடைய கையையும் மவுஸையும் காட்ட, நேரலையில் ஆடினார். அதே தாவல்கள், அதே துல்லியம். விளையாட்டை உருவாக்கிய பிளிசார்ட் நிறுவனமும் அவர் ஏமாற்றவில்லை என்று உறுதிப்படுத்தியது. சவால் விட்ட இருவரும் சொன்னபடியே விலகினார்கள். அந்த மட்டில் வாக்குத் தவறாதவர்கள்தாம். ஆனால் பழி சுமத்தியவர்களிடம் யாரும் சான்று கேட்கவில்லை என்பதும், பதினேழு வயதுப் பெண் அரங்கேறி மெய்ப்பிக்க வேண்டியிருந்தது என்பதுமே எனக்கு உறுத்துகிறது.

கேள்வி: சந்தேகம் உண்மையாகிப்போன சம்பவமும் உண்டே?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: உண்டு. 2018 டிசம்பரில், வட அமெரிக்காவின் 'செகண்ட் விண்ட்' என்ற ஓவர்வாட்ச் அணி, 'எல்லி' என்ற பெயரில், பெண் என்று அறியப்பட்ட ஒருவரைச் சேர்த்தது. முன்பின் அறிந்திராத ஒருவர் தரவரிசையில் இவ்வளவு உயரம் எட்டியது எப்படி என்று பலர் கேட்டார்கள். உண்மைப் பெயரை வெளியிடச் சொன்ன நெருக்கடிக்கிடையே 2019 சனவரி தொடக்கத்தில் எல்லி விலகினார். பின்னர், எல்லி என்பது புனைந்த அடையாளம், அதற்குப் பின்னால் வேறொரு அனுபவமுள்ள ஆட்டக்காரர் இருந்தார் என்று பிளிசார்ட் தெரிவித்தது. சந்தேகித்தவர்கள் இதைச் சொல்லி மார்தட்டிக்கொண்டார்கள். ஊகம் பலித்துவிட்டதால், ஒருவருடைய அடையாளத்தைத் தோண்டியெடுத்துப் பொதுவெளியில் போடச் சொன்ன முறை நியாயமாகிவிடாது. ஆளைச் சரிபார்க்க வேண்டிய கடமை அணிக்கும் போட்டி நடத்துபவர்களுக்கும் உரியது. அவர்கள் தாமதித்த இடைவெளியில்தான் கூட்டம் நீதிபதியாக உட்கார்ந்தது. அதன் பிறகு மெய்யாகவே வரும் புதுமுகப் பெண்கள் எல்லியின் நிழலையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: கெகுரி பிறகு என்ன ஆனார்?
– அதே வாசகர்

பதில்: 2018இல் ஷாங்காய் டிராகன்ஸ் அணியில் சேர்ந்து, ஓவர்வாட்ச் லீக் என்ற தொழில்முறைப் போட்டித் தொடரின் முதல் பெண் ஆட்டக்காரர் ஆனார். அந்தப் பருவத்தில் அவ்வணி ஆடிய 40 ஆட்டங்களிலும் தோற்றது (இவர் இடையில் வந்து சேர்ந்தவர், முழுப் பழியும் இவருடையதல்ல). அடுத்த பருவத்தின் தொடக்கத்திலும் இரண்டு தோல்விகள். 2019 பிப்ரவரியில்தான் டிராகன்ஸ் முதன்முறையாக வென்றது.