அக்காவிடம் எப்படிச் சொல்வது?

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நான் தலசீமியா காவி என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அக்கா மகனுக்கு அண்ணன் மகளைப் பேசுகிறார்கள். சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று அம்மா தடுக்கிறார். சொல்வதா, வேண்டாமா?"

சொல்லுங்கள், தேதி குறிப்பதற்கு முன்னாலேயே.

தலசீமியா பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறு. காவி என்றால் அந்தக் கோளாற்றை மரபணுவில் சுமப்பவர், நோயாளி அல்ல. நீங்கள் இத்தனை வருடம் மலையேறி வேலை செய்துகொண்டுதானே இருக்கிறீர்கள்? கணவன், மனைவி இருவரும் காவியாக இருந்தால்தான் சிக்கல். அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. கடுமையான தலசீமியா என்றால் மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றத் தனி மருந்து. உங்கள் அக்காவும் அண்ணனும் காவியாக இருக்க ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முறைப்பெண்ணைக் கட்டும்போது அதே கோளாறு இரு பக்கமிருந்தும் வந்து சேரலாம். கர்ப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது: இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போடாதீர்கள். அக்கா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, தேத்தண்ணீர் குடிக்கும் நேரத்தில் போங்கள். "பரம்பரை வியாதி" என்று தொடங்கினால் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும். "உனக்கும் ரத்தம் குறைவு என்று இரும்புக் குளிசை தந்தார்களே, கூடியதா?" என்று கேளுங்கள். காவிக்கும் ரத்த அணுக்கள் சிறுத்தே இருக்கும். இரும்புக் குறைவு என்று நினைத்து வருடக்கணக்கில் குளிசை விழுங்கியவர்கள் உண்டு. அப்புறம் உங்கள் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். எம்.சி.வி. (சிவப்பணுவின் அளவு) 80க்குக் கீழே, எச்.பி. ஏ2 (ஹீமோகுளோபினில் ஒரு வகை) 3.5 சதவீதத்துக்கு மேலே என்ற இரண்டு வரிகளுக்கும் அடிக்கோடு போட்டுக் காட்டினால் போதும். அண்ணனிடமும் தனியாக இதே பேச்சு.

அம்மா தடுப்பது சம்பந்தத்துக்காக மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். இது அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோதான் உங்களுக்கு வந்திருக்கும். "யார் பக்கத்து ரத்தம்?" என்று ஊர் கேட்குமே என்ற பயமாகவும் இருக்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் தேடாதீர்கள், கல்யாணத்துக்கு அது தேவையே இல்லை.

மாப்பிள்ளையும் பெண்ணும் ரத்தம் கொடுத்துப் பார்க்கட்டும். ஒருவர் மட்டும் காவி என்றால் தாராளமாக நாள் பார்க்கலாம். இருவருமே என்றால், முடிவு அவர்களுடையது. குருநாகல் தேசிய தலசீமியா நிலையத்தில் பேசிவிட்டு எடுக்கட்டும். போகும்போது உங்கள் ரிப்போர்ட்டின் போட்டோக்கொப்பியையும் கொடுத்தனுப்புங்கள். வாய்வழியாகப் போனால் பத்தாவது வீட்டில் அது புற்றுநோயாகிவிடும்.