எழுத மனமே வராத நாளில் எப்படி எழுதுவது?

"உட்கார்ந்தால் ஒரு வரிகூட வரவில்லை, மூடு வரும்வரை காத்திருக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் எழுதத் தொடங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் மூடே வந்து சேரும்.

சொல்ல விஷயம் இருந்தும் கை ஓடவில்லையா? அநேகமாக, எடுத்துக்கொண்ட பொருள் ரொம்பப் பெரிசு. 'அம்மா' என்று தலைப்பு வைத்தால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். அம்மாவின் அஞ்சறைப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிண்ணத்தில் கடுகு, எதில் வெந்தயம், மஞ்சள் படிந்து மூடி எந்தப் பக்கம் இறுகியிருக்கிறது, சீரகத்துக்கு அடியில் நாலாக மடித்த பத்து ரூபாய் நோட்டு யாருக்காக? ஐந்து வரி எழுதுவதற்குள் அம்மா வந்துவிடுவார்.

ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. மனம் வராத நாளுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. கடைசி அடி முடிவாகிவிட்டதால், 'எதை எழுதுவது' என்ற திகைப்பு போய் 'அங்கே எப்படிப் போய்ச் சேருவது' என்ற வேலை தொடங்கிவிடும். உரைநடையிலும் இதைச் செய்யலாம். "அதற்குப் பிறகு அந்தக் கதவை யாரும் தாழ் போடவில்லை" என்று பத்தியின் கடைசி வாக்கியத்தை முதலில் எழுதுங்கள். அதற்கு முன்னால் வர வேண்டிய ஐந்து வாக்கியங்களைப் பிறகு தேடுங்கள்.

அளவு கட்டாயம் வேண்டும். தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாவல்கள் எழுதிய ஆந்தனி டிரோலப், கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு 15 நிமிடத்துக்கு 250 சொல் என்று எழுதியவர். அந்தக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுக்காதீர்கள். ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல் பிடிப்பதை 'வீட்டிலிருந்துகூட' என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். 25 நிமிடம், 150 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

அந்த 25 நிமிடத்தில் எதையும் அழிக்கக் கூடாது. தமிழில் எழுதுகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது ஒற்றில்தான். இங்கே 'ப்' மிகுமா மிகாதா என்று பார்க்கப் போனால், திரும்பி வருவதற்குள் வாக்கியம் ஆறிப்போயிருக்கும். சந்தேகம் வந்த இடத்திலும், சரியான சொல் சிக்காத இடத்திலும் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு நகருங்கள். திருத்தம் மறுநாள். தட்டச்சே தடையாக இருந்தால் குரல்வழித் தட்டச்சில் பேசிவிடுங்கள்; பேச்சுத் தமிழாக வந்தாலும் பரவாயில்லை, பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

நன்றாக ஓடுகிற நாளில் 2,000 சொல் எழுதித் தீர்ப்பதுதான் அடுத்த தவறு. கிணற்றை ஒரே நாளில் இறைத்துவிட்டால் மறுநாள் வாளியில் சேறுதான் வரும். அடுத்து என்ன என்று தெரிந்திருக்கும்போதே, ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு எழுந்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளி விழுந்தால் அந்தப் பாதி வாக்கியம் எங்கே போக இருந்தது என்பதே மறந்துபோகும். அதனால் அதன் கீழே, "அடுத்தது: அண்ணன் சாவி கேட்கிறான்" என்று ஒரு குறிப்பு போட்டு வையுங்கள்.

இவ்வளவு செய்தும் நாலைந்து நாள் தொடர்ந்து ஒன்றும் நகரவில்லையென்றால், கையில் சரக்கு தீர்ந்துவிட்டது. அப்போது மேசையை விட்டு எழுந்து, பேருந்து நிலையத்தில் 20 நிமிடம் உட்கார்ந்து, காதில் விழும் பேச்சை மட்டும் அப்படியே குறித்துக்கொண்டு வாருங்கள். அதில் ஒரு வரியை மறுநாளைக்கு ஈற்றடியாக வைத்துக்கொள்ளலாம்.